லாடக்காரத் தெருவின் சைக்கிள் பாதை

என் வீட்டுக்காரர் யூனுஸ் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். வீட்டின் முன்பாதி கடை, பின்பாதியில் நாங்கள் குடியிருந்தோம். முன்பாதிக்குக் கிடைத்த கவனிப்பில் கால்வாசி பின்பாதிக்குக் கிடைத்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் குணவதியாக இருந்திருப்பேன். விடிந்ததும் எண்ணெய்த் துணியும் கையுமாக உட்கார்ந்து சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். கடைசியில் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். என் சமையலுக்கு அப்படி ஒரு தலையாட்டல் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தைய வருஷங்கள் அவை. மதுரையில் சைக்கிள் பெருகிக்கொண்டிருந்தது. எங்கள் லாடக்காரத் தெரு தெற்கு வெளி வீதியிலிருந்து உள்ளே பிரிகிற தெரு. தெருவின் கோடியில் குதிரைகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி; அங்கே எந்நேரமும் ஜட்காக் குதிரை வண்டிகள் நிற்கும். ஜட்கா, மாட்டு வண்டி, தள்ளுவண்டி, மில்லுக்குப் போகிற சைக்கிள், நடந்து போகிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள் எல்லோருக்கும் இருந்தது அந்த ஒரே தெருதான். யார் யாரை இடித்தாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "கண்ணு தெரியலையா?" என்று கேட்பார்கள்.

எங்கள் வாசலை அடுத்துத் தெருக் குழாய் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், பின்னால் வந்த சண்டையே அதற்காகத்தான். தெருவில் பாதி வீடுகள் எங்களைப் போல முஸ்லிம் வீடுகள். பெண்கள் கோஷா. பகல் வெளிச்சத்தில் ஆண்கள் நடமாடும் தெருவில் போய் நிற்கிற வழக்கம் கிடையாது. ஆனால் தண்ணீர் வேண்டுமே! அதனால் எங்களுக்குப் பதிலாக எங்கள் குடங்கள் வரிசையில் நின்றன. முறை வந்ததும் ராக்கம்மாள், "ஏ சபுரா, ஒன் கொடம் வந்துருச்சு, வாரியா?" என்று குரல் கொடுப்பாள். துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு இரண்டு எட்டில் போய் நிரப்பிக்கொண்டு வந்துவிடுவேன். ராக்கம்மாள் எதிர்ச் சந்தில் குடியிருந்த ஜட்காக்காரரின் மனைவி. யாரும் நியமிக்காமலே அந்த வரிசைக்கு அதிகாரியானவள். அவள் குரலுக்கு ஜட்காக் குதிரையே காதை மடக்கும்.

வரிசைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒருத்தி வைத்த குடத்தை இன்னொருத்தி நகர்த்தக் கூடாது. அடுத்த வீட்டுப் பெண்ணின் குடத்தை ஓர் ஆண்பிள்ளை தொட்டால், அவள் முந்தானையைத் தொட்டதற்குச் சமம். வரிசையில் வைத்த குடம் நிறைந்துதான் வீடு திரும்ப வேண்டும். வெறுங்குடமாக எடுத்துக்கொண்டு போனால் அந்த வீட்டுக்கு ஆகாது. இதில் இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதம் எதுவும் கிடையாது. சப்பரம் வருகிற ஒரு நாள்தான் விதிவிலக்கு. மாரியம்மன் சப்பரம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். அதற்கு இடம் வேண்டுமென்று அன்று காலையிலேயே எல்லாக் குடங்களையும் நிரப்பி உள்ளே எடுத்துவிடுவார்கள். கடைக்காரர்கள் கீற்றுத் தட்டிகளை அவிழ்த்து, வாசல் பலகைகளையும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் சைக்கிள்களை அடுக்களை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அன்று ஒருநாள் தெரு ராஜவீதி மாதிரி பரந்து கிடக்கும்.

ஒருநாள் ஜட்காக் குதிரை ஒன்று மிரண்டு, கடையின் புது சைக்கிளை மிதித்துவிட்டது. முன்சக்கரம் பொரித்த அப்பளமாக வளைந்துபோயிற்று. ஓட்டிப் போனவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் அன்று சோறு சாப்பிடவில்லை.

"சைக்கிளுக்குன்னு தனியா ஒரு பாதை வேணும் சபுரா. சீமையில எல்லாம் இருக்காம்" என்றார்.

"சீமையில கோழிக்கும் தனிப் பாதை இருக்கும். சாப்பிடுங்க."

கேட்கவில்லை. வார்டு மெம்பர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். மெம்பருக்கு எலெக்‌ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது; சைக்கிள் பாதை என்ற பேச்சு அவருக்கும் புதுசாக, நாகரிகமாகப் பட்டிருக்க வேண்டும். தெருவை அளக்க ஓவர்சியரை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்.

இங்கேதான் என் வீட்டுக்காரர் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். என்றைக்கு வரட்டும் என்று ஓவர்சியர் கண்ணுச்சாமி கேட்டதற்கு, "சப்பரத்தன்னைக்கு வாங்கய்யா. தெரு அன்னைக்குத்தான் பாக்கச் சுத்தமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். வருகிற பெரிய மனிதருக்கு முன்னால் தெரு மானமாக இருக்க வேண்டுமாம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துகிற மாதிரிதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. கண்ணுச்சாமியோ மேலூர்க்காரர், ஊருக்குப் புதுசு. கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, மாக்கோலம் போட்ட தெருவைப் பார்த்து அசந்துபோனார். "இம்புட்டு அகலமா! தாராளமாப் போடலாம் பாய்" என்று சங்கிலியைப் பிடித்து அளந்தார். குழாயைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சப்பரத்துக்காக அதன் தலையில் மாவிலையும் பூவும் கட்டி மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள். ஏதோ பண்டிகைக் கம்பம் என்று நினைத்துக்கொண்டாராம். திரைக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். எனக்கும் அப்போது விபரீதம் ஒன்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் மேலூரிலிருந்து வண்டி வண்டியாகக் கருங்கல் வந்து இறங்கியது. எங்கள் பக்கத்துச் சுவரிலிருந்து ஓர் ஆள் படுக்கிற அகலம் விட்டு, முழங்கால் உயரத்துக்குத் தெரு நெடுகக் கல் வரிசை நட்டார்கள். உள்ளே செம்மண் சரளை கொட்டி இடித்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த லட்சணமான பாதைக்குள்தான் எங்கள் வாசற்படிகள் இறங்கின. அதற்குள்தான் விளக்குக் கம்பம் நின்றது, ஒரு வேப்பமரமும் நின்றது. நட்டநடுவில் எங்கள் குழாய். இதையெல்லாம் தாண்டிப் போனால் பாதை நேராகக் குதிரைத் தொட்டியில் போய் முட்டி நின்றது. சைக்கிளில் வருகிறவன் அங்கே ஒன்று தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் ஜட்காக் குதிரைகளின் காலுக்கடியில் இறங்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. தலைகால் புரியாமல் இருந்தார். போகிறவன் வருகிறவனை எல்லாம் நிறுத்தி, "நம்ம பாதையப் பாத்தியா மாப்ள?" என்று கேட்டார்.

மரத்தையும் கம்பத்தையும் சுற்றிப் போய்க்கொள்ளலாம் என்று கண்ணுச்சாமி சொல்லிவிட்டார். குழாயடியில் சேறாகும், சைக்கிள் வழுக்கும், ஆகவே குழாயை எடுத்துக் குதிரைத் தொட்டிக்குப் பக்கத்தில் நட்டுவிடுவதென்று முடிவாயிற்று. மெம்பர் வந்து பாதையைத் திறந்து வைப்பார். மறுநாளே குழாயை இடம் மாற்றுவார்கள்.

இதை என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, மழை வரும்போலிருக்கிறது என்கிற தொனியில் சொன்னார். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஜட்காக்காரங்க நிக்கிற எடத்துல போயி நான் எப்படித் தண்ணி புடிக்க?"

"ஆள் வச்சுக்கலாம் சபுரா. ரெண்டு கொடம் கொண்டாந்து ஊத்திட்டுப் போவான்."

"தண்ணிய அவன் ஊத்துவான். மத்ததெல்லாம் யாரு ஊத்துவா?"

மற்றதென்றால் என்னவென்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: அந்தக் குழாயடிதான் எனக்கு ஊர். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு திருமங்கலத்துக்குப் போனாள், எந்தக் கடையில் நல்ல துவரை வந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அங்கிருந்துதான் திரை வழியாக வரும். நான் அடுப்பில் இருந்துகொண்டே பதில் சொல்வேன். ராக்கம்மாள் சிரிப்பாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், அம்மா வீட்டை நினைத்து நான் அழுததை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். முகத்தைக்கூடப் பார்க்காமல், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குரலை வைத்தே கண்டுபிடித்தாள். அந்தக் குழாய் போனால் எனக்கு வீட்டில் சுவர்களும் சைக்கிள்களும்தான் மிச்சம்.

மறுநாள் குடம் வைக்க வந்த ராக்கம்மாளிடம் திரைக்குள்ளிருந்து விஷயத்தைச் சொன்னேன். இடுப்பிலிருந்த குடத்தைத் தடாலென்று இறக்கி வைத்தாள்.

"எடுத்துருவாகளா? அம்புட்டுத் துணிச்சலா?" என்றாள். "என்னைக்குப் பாதை தொறக்குறாக?"

"வெள்ளிக்கெழம. காலைத் தண்ணி நின்ன பெறகு. அந்நேரம் கொடம் இருக்காதுன்னு கணக்குப் பண்ணித்தான் வச்சிருக்காங்க."

"சாயங்காலத் தண்ணிக்குக் காலையிலயே எடம் புடிக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொல்லிருக்காகளா?"

"யாரும் சொல்லலியே."

"அப்பப் பேச்ச விடு. ஒங்க வீடுகளுக்கு நீ சொல்லிரு. எங்க சந்துக்கு நான் சொல்லிக்கிறேன். போறேன்."

எங்கள் வீடுகளுக்குச் சொல்வது பெரிய வேலை இல்லை. கொல்லைச் சுவர்கள் ஒன்றையொன்று ஒட்டியவை. ஒரு வீட்டில் சொன்ன சொல் அம்மிச் சத்தத்தோடு கடைசி வீட்டுக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலைத் தண்ணீர் நின்றது. என் வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மெம்பர் ஓட்டுவதற்கென்று துடைத்து வைத்திருந்த சைக்கிளோடு தெருமுனைக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில்தான் கதவுகள் திறந்தன. துப்பட்டிக் கைகள் குடங்களை வைத்துவிட்டு உள்ளே மறைந்தன. சந்திலிருந்து ராக்கம்மாள் ஒரு படையையே கூட்டி வந்தாள். செம்புக் குடம், பித்தளைக் குடம், மண் குடம், தவலை, ஒரு வீட்டிலிருந்து சோறு வடிக்கிற அண்டா. குழாயிலிருந்து தெருமுனை வரைக்கும் அந்தச் செம்மண் பாதையில் கால் வைக்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் முதலில் என் குடம், குழாய்க்கு நேர் கீழே; என் இரண்டாவது குடம் பின்னால், அந்த அண்டாவை அடுத்து. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்தேன். அவருக்குத் தெரியாமல் நான் அதுவரை ஒரு காரியமும் செய்ததில்லை.

மெம்பர் வந்தார். நல்ல கனத்த சரீரம். மாலையும் கழுத்துமாகச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். பாதையின் வாயில் கட்டியிருந்த ரிப்பனை வெட்டியதும் சைக்கிள் ஒரு சக்கரச் சுற்றுத் தூரம் உருண்டு, வரிசைக் கடைசியில் இருந்த தவலைக்கு முன்னால் வந்து நின்றது.

"என்னய்யா இது?" என்றார் மெம்பர்.

கண்ணுச்சாமி ஓடிவந்தார். "யாரு கொடம் இது? எடுங்க, எடுங்க! தண்ணிதான் நின்னு போச்சே!"

எந்தக் கதவும் திறக்கவில்லை. கோஷாப் பெண்ணை யார் வெளியே வா என்று கூப்பிடுவது? சந்துக்காரப் பெண்கள் கல் வரிசைக்குள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சாயங்காலத் தண்ணிக்கு எடம் புடிச்சிருக்கோம் சாமி" என்றாள் ராக்கம்மாள், வெகு மரியாதையாக.

"சாயங்காலத்துக்கு இப்பவேவா? யோவ், யாராச்சும் எடுத்து ஓரமா வைங்கய்யா!"

கடைக்காரர்கள், ஜட்காக்காரர்கள், மில்லுக்குப் போகாமல் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் என்று தெரு நிறைய ஆண்கள். ஒருவர் கூட அசையவில்லை. கண்ணுச்சாமி தாமே குனிந்தார். "தொட்டுராதீக சாமி. அது பொம்பளைப்புள்ள கொடம்" என்று ராக்கம்மாள் சொன்ன சொல்லில், நெருப்பைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். மேலூரிலும் பெண்கள் குடம் வைக்கிறார்கள்தானே.

அப்போது கூட்டத்தில் ஒருவன், "முதல் கொடம் யூனுஸ் பாய் வீட்டுது. அவரு எடுக்கலாம்ல?" என்றான்.

எல்லாத் தலைகளும் திரும்பின. அவரவர் வீட்டுக் குடத்தைத்தான் ஓர் ஆண் தொடலாம். முதல் குடத்தைத் தொடக்கூடியவர் அவர் ஒருவர்தான். முதல் குடம் போனால் வரிசை உடைந்த மாதிரி. மெம்பர் அவரைப் பார்த்தார். கண்ணுச்சாமி கெஞ்சுகிற பார்வை பார்த்தார். சைக்கிளை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, என் வீட்டுக்காரர் குடங்களுக்கு இடையில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து நடந்து வந்தார். திரையின் இடுக்கு வழியே அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமா, வெட்கமா என்று சொல்ல முடியவில்லை. அவர் எத்தனை நாள் நடந்து வாங்கிய பாதை! அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வாய் பேசாது, மனசும் பிறகு ஒருநாளும் அவரோடு பேசாது.

குடத்தின் கழுத்தைப் பிடித்தார். தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மறுபடியும் அதைக் குழாய்க்கு அடியிலேயே, இன்னும் கொஞ்சம் நேராக்கி, வாய் சரியாகப் பொருந்துகிற மாதிரி வைத்தார்.

"அய்யா, வெறுங்கொடத்த வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தண்ணியத் தொறந்துவிடச் சொல்லுங்க. நெறைஞ்ச கொடம் தானா போயிரும்."

தெரு முழுவதும் கேட்டது. கடையில் சைக்கிள் கேட்கிறவனிடம் பேசுகிற அதே குரல்தான்.

கண்ணுச்சாமி மெம்பரைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மாலையின் ஈரம் மெம்பரின் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் திறந்துவிடுகிற சோணைமுத்து சாவியும் கையுமாகக் கூட்டத்தில்தான் நின்றிருந்தான். "தொறந்து விடுய்யா" என்றார் மெம்பர். குழாய் முதலில் காற்றைத் துப்பி, இருமி, பிறகு கொட்டத் தொடங்கியது.

என் குடம் நிறைந்தது. ராக்கம்மாள் தன் குடத்தை அடியில் தள்ளினாள். பிறகு அடுத்தது. செம்பு, பித்தளை, மண் என்று வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. மெம்பர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ராக்கம்மாள் கொடுத்த ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். தெருமுனை வரைக்கும் நின்ற குடங்களை ஒருமுறை பார்த்தார்.

"கண்ணுச்சாமி, இந்தக் கொழாயில கைய வைக்காதய்யா. எடுத்தா நாளைக்கு இம்புட்டுக் கொடமும் என் வீட்டு வாசல்லதான் வந்து நிக்கும்."

சொல்லிவிட்டுக் கல் வரிசைக்கு வெளியே, மாட்டு வண்டிகளுக்கு நடுவில், எல்லோரையும் போலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். கூட்டம் சிரித்தது. கண்ணுச்சாமியும் கடைசியில் சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். திரையை விலக்கிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். தோளில் என் குடம். கல்யாணமான நாளாக அவர் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு குடித்து நான் பார்த்ததில்லை. பாதி தண்ணீர் புதுச் சட்டையில் கொட்டியிருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இத்தன காலமா எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்றார்.

"எத?"

"அந்த ராக்கம்மா இருக்காள்ல, நான் கொடத்தத் தூக்கயில, 'எங்க சபுராவ எங்ககிட்ட இருந்து பிரிச்சுறாதீக அண்ணே'ன்னு மெதுவாச் சொல்றா. அவ கண்ணு கலங்கி இன்னைக்குத்தான் பாக்குறேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே வாசலைப் பார்த்தார்.

"ஒன்னோட ரெண்டாவது கொடம் அண்டாவுக்குப் பின்னால நிக்குது. முறை வரப்போகுது. போயி நில்லு."

"இந்தப் பட்டப்பகல்லயா? தெரு நெறைய ஆம்பளைங்க நிக்கிறாங்க."

"எல்லாரும் கல்லுக்கு அந்தப் பக்கந்தான் நிக்கிறாங்க. இந்தப் பக்கம் வண்டி வராது, குதிரை வராது, சைக்கிளும் வராது. பொம்பளைங்க மட்டுந்தான் நிக்கிறீங்க. போ சபுரா."

துப்பட்டியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். சிந்திய தண்ணீரில் நனைந்த செம்மண் காலடியில் குளிர்ச்சியாக இருந்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் ராக்கம்மாள் எனக்கென்று ஓர் இடம் விட்டிருந்தாள். பக்கத்துக் கதவும் திறந்தது, அதற்கடுத்த கதவும் திறந்தது. முறை வருகிற வரைக்கும், அத்தனை வெயிலிலும், குடத்துக்குப் பதிலாக நானே வரிசையில் நின்றேன்.